தீர்ப்பின் குரல்: கரிசல் நிலத் தீப்பெட்டித் தொழில் வழக்கை முன்வைத்து ஒலிநூலாக்கத்தில் கூற்று வேறுபாடு

ஆய்வுச் சுருக்கம்

நீதிமன்றத் தீர்ப்புகளைத் தன்னார்வலர்கள் வாசித்து, கட்டணமில்லா ஒலிநூல்களாக வழங்கும் முயற்சி ஆங்கிலத்தில் நிலைபெற்றுள்ளது. இம்முயற்சி தமிழுக்கு வரும்போது எழும் முதன்மையான மொழிச்சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது. தீர்ப்பு ஒரே குரலில் அமைந்த பனுவலன்று. வழக்குத் தரப்புகளின் வாதம், முந்தைய ஆணை, சட்டத்தின் வாசகம், நீதிமன்றத்தின் துணிபு ஆகியன அதில் அடுத்தடுத்து வருகின்றன. வினைமுற்று இறுதியில் நிற்கும் தமிழ்த் தொடரமைப்பில், பேசுவோர் யார் என்பது தொடர் முடிந்த பின்னரே செவிக்குப் புலனாகிறது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத் தீப்பெட்டித் தொழிலைப் பற்றிய 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சான்றாகக் கொண்டு இச்சிக்கல் விளக்கப்படுகிறது. சங்கப் பாடல்களின் கூற்றுக் குறிப்பு, தொல்காப்பிய உத்திகள், உரைமரபு, கரிசல் வாய்மொழி மரபு ஆகியவற்றில் இதற்கான தீர்வு உள்ளது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: ஒலிநூல், தீர்ப்பு, கூற்று, கரிசல் வழக்கு, உத்தி, சட்டத்தமிழ்

முன்னுரை

கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், சிவகாசி எனப் பரந்து கிடக்கும் கரிசல் நிலம் மழையை நம்பியது. மானாவாரி வெள்ளாமை பொய்த்த ஆண்டுகளில் இந்நிலத்து மக்களைத் தாங்கிய தொழில்களுள் தீப்பெட்டித் தொழில் தலையாயது. தொழிற்சாலையைத் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றே மக்கள் வழங்குவர். கட்டையடுக்குதல், பெட்டி ஒட்டுதல் முதலிய பணிகளில் பெண்களும், நெடுங்காலம் குழந்தைகளும் ஈடுபட்டனர். இப்பணிகளில் கையும் கண்ணும் கட்டுண்டிருக்கும். செவி மட்டும் ஓய்ந்திருக்கும். வேலை நேரத்தில் கதை, பாட்டு, வானொலி ஆகியன இவ்வட்டாரத்தில் இடம்பெற்றமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இந்நிலத்துக் குழந்தைகளைப் பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 10.12.1996 அன்று வழங்கிய தீர்ப்பு, இந்தியக் குழந்தைத் தொழிலாளர் சட்ட வரலாற்றில் ஒரு திருப்புமுனை. 'எம்.சி. மேத்தா எதிர் தமிழ்நாடு மாநிலம்' என வழங்கும் அத்தீர்ப்பு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. யாரைப் பற்றி அது பேசுகிறதோ அவர்களுடைய மொழி தமிழ். அவர்களுக்கு நன்கு பழகிய வாயில் செவி. எனவே அத்தீர்ப்பைத் தமிழில் ஒலிக்கச் செய்வது வெறும் தொழில்நுட்பப் பணியன்று. எழுத்தில் அமைந்த அதிகாரப் பனுவல் ஒன்று செவிப்பனுவலாக மாறும்போது பொருள் எங்குத் திரியும், அத்திரிபை எவ்வாறு தவிர்ப்பது என்னும் வினாக்களுக்கு விடை கண்டாக வேண்டும்.

ஒலிநூல் முயற்சியும் சட்ட அடிப்படையும்

2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் கனடாவைச் சேர்ந்த ஹியூ மெக்குவையர் தொடங்கிய 'லிப்ரிவாக்ஸ்' என்னும் தன்னார்வ அமைப்பு, பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களை வாசித்துப் பொதுவுடைமையாக வழங்குகிறது. ஒரு நூலின் இயல்களைப் பலர் பகிர்ந்து வாசிப்பர். அச்சு நூலுக்கு மெய்ப்புப் பார்ப்பதுபோல, பதிவானதை மற்றொருவர் மூலத்துடன் ஒப்பிட்டுக் கேட்பார். இவ்வமைப்பின் பட்டியலில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் இடம்பெற்றுள்ளன. நீதிமன்றத்தின் கருத்துரைகளுக்கு எவரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது என்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1834ஆம் ஆண்டிலேயே 'வீட்டன் எதிர் பீட்டர்ஸ்' வழக்கில் தெளிவுபடுத்தியிருந்ததால் அம்முயற்சிக்குத் தடையில்லை.

தமிழிலும் தன்னார்வ நூலாக்கம் புதியதன்று. 1998ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், பலருடைய தட்டச்சு உழைப்பால் தமிழ் இலக்கியங்களை இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கச் செய்தது. கைக்கும் கண்ணுக்குமான அவ்வுழைப்பின் செவிவழி வடிவமே ஒலிநூல்.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நீதிமன்றம் தடைசெய்தாலன்றி, தீர்ப்பை மறுபதிப்புச் செய்வதோ வெளியிடுவதோ உரிமை மீறலாகாது என்கிறது. 'ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக்' வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007ஆம் ஆண்டு ஒரு வேறுபாட்டை வகுத்தது. தீர்ப்பின் மூல வாசகம் அனைவருக்கும் உரியது. சட்ட இதழ்களின் பதிப்பாசிரியர்கள் தம் அறிவுழைப்பால் சேர்க்கும் தலைக்குறிப்பு முதலியன அவர்களுக்கே உரியவை. எனவே ஒலிநூல் வாசிப்போர் மூல வாசகத்தையே கைக்கொள்ள வேண்டும்.

மொழிபெயர்ப்பு நிலை வேறு. சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை இந்திய மொழிகளில் பெயர்த்து வெளியிடுவது குறித்து அதே 52ஆம் பிரிவில் தனி உட்பிரிவு உண்டு. தீர்ப்பின் மொழிபெயர்ப்புக்கு அத்தகைய தனி உட்பிரிவு இல்லை. உச்ச நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு ஜனவரியில் தன் மின்னணுத் தீர்ப்புத் தொகுப்பில் இந்திய மொழிபெயர்ப்புகளைச் சேர்க்கத் தொடங்கியபோது 52 தீர்ப்புகள் தமிழில் இடம்பெற்றன. அத்தகைய மொழிபெயர்ப்புகளோடு இணைக்கப்படும் அறிவிப்பு, அவை வழக்காடிகளின் புரிதலுக்கான வரையறுத்த பயன்பாட்டுக்கே உரியவை எனவும், ஆங்கில வடிவமே அதிகாரம் உடையது எனவும் கூறுகிறது. ஆங்கிலத்தில் வாசிக்கும் தன்னார்வலருக்கு உள்ள சட்டத் தெளிவு தமிழில் வாசிப்பவருக்கு அதே அளவில் இல்லை என்பது இதனால் பெறப்படும்.

இந்நிலைக்கு அரசியலமைப்பு அடிப்படை ஒன்றுண்டு. 348ஆம் உறுப்பு, நாடாளுமன்றம் வேறு வகை செய்யும் வரை உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் அமையும் என்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழைப் பயன்படுத்த வேண்டுமெனத் தமிழ்நாடு சட்டமன்றம் 06.12.2006 அன்று தீர்மானம் நிறைவேற்றியபோதும் நிலை மாறவில்லை. ஆகவே மேல் நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் தமிழில் ஒலிக்க வேண்டுமாயின் மொழிபெயர்ப்பு என்னும் வாயிலைக் கடந்தே வரவேண்டும்.

குரலிலிருந்து தீர்ப்புக்கு: 1908

கரிசல் நிலம் இதற்கு எதிர்த்திசையில் நிகழ்ந்த பயணம் ஒன்றையும் அறியும். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் 1908ஆம் ஆண்டு தூத்துக்குடியில் ஆற்றிய மேடைப் பேச்சுகளுக்காக அரச நிந்தனை வழக்கைச் சந்தித்தனர். பேசப்பட்ட மொழி தமிழ், கேட்டோர் பாமரர். அப்பேச்சுகள் காவல்துறையினரின் குறிப்புகளாகவும், அக்குறிப்புகளின் ஆங்கில ஆக்கமாகவும் நீதிமன்றத்தை அடைந்தன. திருநெல்வேலி அமர்வு நீதிபதி பின்ஹே 07.07.1908 அன்று வழங்கிய தீர்ப்பு, வ.உ.சி.க்கு வாழ்நாள் நாடுகடத்தல் தண்டனை விதித்தது. பின்னர் மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின், இழந்த வழக்குரைஞர் உரிமத்தைத் திரும்பப் பெற்ற வ.உ.சி., கோவில்பட்டியிலும் அத்தொழிலை நடத்தினார்.

குரல் எழுத்தாகி, எழுத்து ஆங்கிலமாகி, ஆங்கிலம் தீர்ப்பாயிற்று. ஒவ்வொரு கட்டத்திலும் 'இதைச் சொன்னவர் யார், எப்படிச் சொன்னார்' என்னும் வினா ஒருவருடைய தண்டனையோடு தொடர்புடையதாக இருந்தது. இன்று தீர்ப்பைத் தமிழ் ஒலிநூலாக்குவோர் அதே பாதையில் மறுதிசையில் நடக்கின்றனர். ஆங்கிலம் தமிழாகிறது, எழுத்து குரலாகிறது. சொன்னவர் யார் என்னும் வினா இப்போதும் மறையவில்லை. அதற்கு விடை காண வேண்டியவர் நீதிபதியல்லர், கேட்போர்.

தீர்ப்பின் பல்குரல் தன்மை

1996ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீதிபதிகள் குல்தீப் சிங், பி.எல். ஹன்சாரியா, எஸ்.பி. மஜ்முதார் ஆகியோர் அடங்கிய அமர்வு வழங்கியது. அதன் உள்ளடக்கத்தைக் கூற்று நோக்கில் பகுத்தால் குறைந்தது ஐந்து அடுக்குகள் புலனாகின்றன.

முதலாவது, தொடக்கத்தில் அமைந்த கவிதை. குழந்தை ஒன்று தன்மையில் பேசுவதாக அமைந்த ஆங்கிலக் கவிதையுடன் தீர்ப்பு தொடங்குகிறது. இரண்டாவது, வழக்கின் வரலாறு. சிவகாசி தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் பணிபுரிவது குறித்து 31.10.1990 அன்று இதே நீதிமன்றம் பிறப்பித்த ஆணையும், பின்னர்ப் பட்டாசு ஆலை விபத்தை அடுத்து நீதிமன்றம் தானே முன்வந்து எடுத்த நடவடிக்கையும் இதில் அடங்கும். மூன்றாவது, அரசியலமைப்பின் 24, 39, 41, 45, 47ஆம் உறுப்புகளும் பிற சட்டங்களும். நான்காவது, குழந்தை உழைப்பின் காரணங்கள் பற்றி ஆய்வறிக்கைகள் கூறுவன. ஐந்தாவது, நீதிமன்றத்தின் துணிபும் ஆணைகளும்.

ஐந்தாம் அடுக்கே சட்ட வலிமை உடையது. சட்டத்துக்கு மாறாகக் குழந்தையை வேலைக்கு அமர்த்திய முதலாளி குழந்தை ஒன்றுக்கு ரூ.20,000 செலுத்த வேண்டும். அக்குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு அரசு வேலை பெற்றுத்தர வேண்டும் அல்லது தன் பங்காக ரூ.5,000 செலுத்த வேண்டும். அத்தொகையின் வட்டி வருவாய் குடும்பத்தைச் சேர வேண்டும். குழந்தை பள்ளி செல்வது உறுதிசெய்யப்பட வேண்டும் என்பன அவ்வாணைகளுட் சில. இடர்மிகு தொழில்களில் முதற்கட்ட நடவடிக்கைக்கென எண்ணப்பட்டவற்றுள் சிவகாசித் தீப்பெட்டித் தொழிலும் ஒன்று.

அச்சில் இவ்வடுக்குகளைக் கண் பிரித்தறியும். பத்தி எண், மேற்கோள் குறி, உள்தள்ளல், சாய்வெழுத்து ஆகியன துணைசெய்யும். ஐயம் எழுந்தால் முன்பக்கம் திரும்பலாம். செவிக்கு இவற்றுள் எதுவும் இல்லை.

தமிழ்த் தொடரமைப்பும் செவியும்

ஆங்கிலத்தில் 'இன்னார் வாதிட்டார்' என்னும் பகுதி பெரும்பாலும் முன்னே நிற்க, வாதம் அதனைத் தொடரும். தமிழில் இயல்பான அமைப்பு இதற்கு மாறானது. கூற்று முழுவதும் முன்வர, 'என்று' என்னும் இடைச்சொல்லும் வினைமுற்றும் இறுதியில் வரும். எழுவாயை முன்வைக்க இடமுண்டு எனினும், நீண்ட கூற்றுகளில் எழுவாயும் வினையை ஒட்டியே நிற்பதைச் சட்ட மொழிபெயர்ப்புகளில் பரவலாகக் காணலாம். இதன் விளைவைப் பின்வரும் மாதிரித் தொடர் காட்டும். இது 1990ஆம் ஆண்டு ஆணையின் கருத்தைத் தழுவி, விளக்கத்துக்காக அமைக்கப்பட்டது.

மாதிரி 1: "தீப்பெட்டித் தொழிலில் பொட்டலமிடும் பணியில் குழந்தைகளை ஈடுபடுத்தலாம், ஆனால் அப்பணி உற்பத்தி நடைபெறும் இடத்திலிருந்து விலகிய இடத்தில் நடைபெற வேண்டும், அவர்களுக்கு வயதுவந்தோருக்குரிய குறைந்தபட்சக் கூலியில் அறுபது விழுக்காடேனும் வழங்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டு இந்நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது."

இத்தொடரைப் படிப்பவர்க்கு இடர்ப்பாடு இல்லை. கேட்பவர்க்கோ 'குழந்தைகளை ஈடுபடுத்தலாம்' என்னும் பகுதி முதலில் செவியில் விழுகிறது. அது பழைய ஆணை என்பதை உணர்த்தும் சொற்கள் இருபதுக்கும் மேற்பட்ட சொற்களைக் கடந்த பின்னரே வருகின்றன. இடையில் கவனம் சிதறினால், எதை மாற்றுவதற்காக 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு எழுந்ததோ அதையே தீர்ப்பின் முடிவாகக் கேட்போர் கொள்ள நேரும். தீப்பெட்டி வேலை செய்யும் ஒரு தாய் இத்தொடரை எவ்வாறு விளங்கிக்கொள்வார் என்பதைப் பொறுத்து அவருடைய குழந்தையின் பள்ளிப்படிப்பும் அமையக்கூடும். ஆதலின் இது நடையழகு பற்றிய சிக்கலாக நின்றுவிடுவதில்லை.

மாதிரி 2: "1990ஆம் ஆண்டு இந்நீதிமன்றம் பிறப்பித்த முந்தைய ஆணை கூறியதாவது: பொட்டலமிடும் பணியில் குழந்தைகளை ஈடுபடுத்தலாம். ஆனால் அப்பணி உற்பத்தி நடைபெறும் இடத்திலிருந்து விலகிய இடத்தில் நடைபெற வேண்டும். கூலி, வயதுவந்தோருக்குரிய குறைந்தபட்சக் கூலியில் அறுபது விழுக்காடேனும் இருக்க வேண்டும். முந்தைய ஆணை கூறியது இது."

'கூறியதாவது' என முன்னிறுத்தலும் 'கூறியது இது' என முடித்துக்காட்டலும் கூற்றின் இரு எல்லைகளையும் செவிக்கு உணர்த்துகின்றன. கண்ணுக்கு மேற்கோள் குறி செய்வதை இவ்விரு தொடர்களும் செவிக்குச் செய்கின்றன.

இலக்கண மரபும் கூற்றுக் குறிப்பும்

யார் கூற்று என்பதைப் பனுவலுக்குப் புறத்தே நின்று உணர்த்தும் மரபு தமிழுக்குப் பழமையானது. சங்க அகப்பாடல்களில் தலைவி, தோழி, செவிலி முதலியோர் தம் பெயர் சுட்டாது பேசுகின்றனர். பேசுவோர், கேட்போர், சூழல் ஆகியவற்றைப் பாடலோடு இணைந்த கூற்றுக் குறிப்புகள் காட்டுகின்றன. இவை பாடலின் சொற்களை மாற்றுவதில்லை. பாடலின் பகுதியாக எண்ணப்படுவதும் இல்லை. தீர்ப்பு ஒலிநூலுக்கு இம்முறை மிகப் பொருந்துவதாகும். மூலத்தின் ஒரு சொல்லையும் கூட்டாமலும் குறைக்காமலும் வாசிக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடும், கேட்போர்க்கு வழிகாட்ட வேண்டும் என்னும் தேவையும் இங்கு ஒருங்கே நிறைவேறும்.

கூற்று வகைகளுக்குப் பெயரிடவும் மரபில் இடமுண்டு. தொல்காப்பிய மரபியல் தொகுத்துரைக்கும் 32 உத்திகளுள் 'பிறன்கோட் கூறல்', 'பிறனுடம்பட்டது தானுடம்படுதல்', 'மறுதலை சிதைத்துத் தன்துணிபு உரைத்தல்' ஆகியன தீர்ப்பின் உறுப்புகளோடு ஒப்பிடத்தக்கன. தரப்புகளின் வாதத்தை எடுத்துரைப்பது முதலாவது. முன்தீர்ப்பை ஏற்பது இரண்டாவது. எதிர்வாதத்தை மறுத்து முடிவு காண்பது மூன்றாவது. நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள்ளும், மாறுபட்ட இருவர் கொள்கைகளுள் ஒன்றைத் துணிந்து ஏற்பது இடம்பெற்றுள்ளது.

எனினும் ஒப்புமைக்கு எல்லையுண்டு. 'ஆணை கூறல்' என்னும் உத்தியைக் காரணம் காட்டாது தன் ஆணையால் கூறுதல் என உரைமரபு கொள்ளும். நீதிமன்ற ஆணை அத்தகையதன்று. காரணமே அதன் உயிர். ஆதலின் ஆணைப் பகுதியை மட்டும் தனித்து ஒலிப்பதிவு செய்வது தீர்ப்பை வெறும் கட்டளையாகக் குறுக்கிவிடும். சுருக்கம் வேண்டுவோர்க்கு அது பயன்படலாம். தீர்ப்பின் ஒலிநூல் என்னும் பெயருக்கு அது உரியதாகாது.

உரையாசிரியர்கள் பிறர் கருத்தை முன்னிறுத்தி மறுக்கும் முறையும் கருதற்பாலது. ஐயவினாவை எழுப்புதல், 'என்பார்க்கு' எனப் பிறர் கொள்கையை வரையறுத்தல், 'அற்றன்று' என மறுத்தல் ஆகிய குறிச்சொற்கள், உரக்கப் படித்துப் பாடம் கேட்கும் சூழலில் கூற்றெல்லைகளைத் தெளிவுறுத்தவல்லன. இன்றைய சட்டத்தமிழ் இம்மரபிலிருந்து பெறத்தக்கன பல.

கரிசல் வாய்மொழி மரபு தரும் பாடம்

கரிசல் கதைசொல்லலில் 'ன்னு', 'ன்னானாம்', 'ஆம்' ஆகியன குறுகிய இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் வரும். இடைசெவல் கி.ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளும், அவருடைய எழுத்துநடையும் இதற்குச் சான்று. கதைசொல்லி நீண்ட பேச்சை ஒரே மூச்சில் சொல்லி இறுதியில் 'என்றான்' என முடிப்பதில்லை. சிறு சிறு கூறுகளாக உடைத்து ஒவ்வொன்றின் இறுதியிலும் சொன்னவரை நினைவூட்டுகிறார். கேட்போரின் நினைவாற்றலுக்கு ஏற்பக் கூற்று அளவிடப்படுகிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. 'ஆம்' என்னும் ஒட்டு, சொல்பவர் தாம் நேரில் அறியாததைக் கேள்வியாகச் சொல்கிறார் எனக் காட்டுவது. தீர்ப்பின் ஆணையை அவ்வாறு கூறினால் அது வதந்தியின் தன்மை பெற்றுவிடும். எனவே கதைசொல்லலின் வடிவத்தை அன்று, அதன் நெறியையே கொள்ள வேண்டும். அந்நெறி, கூற்றைச் சிறிதாக்கிச் சொல்வோரை அடிக்கடி நினைவூட்டுவதாகும்.

தென்மாவட்ட வில்லுப்பாட்டு மற்றொரு முறையைத் தருகிறது. முதன்மைப் பாடகர் கதையை நடத்த, பின்பாட்டுக்காரர் வினவியும் ஆமோதித்தும் மீட்டுரைத்தும் கதையின் திருப்பங்களைக் கேட்போர்க்கு உணர்த்துவர். ஒலிநூலிலும் மூல வாசகத்துக்கு ஒரு குரல், கூற்றுக் குறிப்புக்கு மற்றொரு குரல் என அமைத்தால், எது நீதிமன்றத்தின் சொல், எது வாசிப்போரின் வழிகாட்டல் என்பது ஐயமின்றி விளங்கும். குழந்தையின் தன்மைக் கூற்றாக அமைந்த தொடக்கக் கவிதைக்கும் இக்குறிப்பு தேவை. இல்லையேல் நீதிபதியே 'நான்' எனப் பேசுவதாகக் கேட்போர் மயங்கக்கூடும். அதனை நடிப்புக் குரலில் வாசிக்க வேண்டியதில்லை, குறிப்பே போதுமானது.

வட்டாரச் சொற்களின் இடமும் இவ்வாறே வரையறுக்கத்தக்கது. மூலத்தில் 'தொழிற்சாலை' என வருமிடத்தில் 'தீப்பெட்டி ஆபீஸ்' என மாற்றி வாசித்தல் பொருந்தாது; சட்டத்தில் அச்சொல்லுக்கு வரையறுத்த பொருளுண்டு. ஆனால் கூற்றுக் குறிப்பில், இங்குத் தொழிற்சாலை எனப்படுவது தீப்பெட்டி ஆபீஸையும் உள்ளடக்கும் என இரண்டாம் குரல் சொல்லலாம். தீர்ப்பு தங்களைப் பற்றியது என்பதைக் கேட்போர் உணர்வதற்கு அவ்வொரு சொல் உதவும்.

காலக்குறிப்பு

தீர்ப்பு காலத்தில் நிலைத்து நிற்கும்; சட்டம் நகரும். 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு, இடர் குறைந்த தொழில்களில் குழந்தைகளின் வேலை நேரம் நாளொன்றுக்கு ஆறு மணியைத் தாண்டாதிருக்கவும், இரண்டு மணி நேரமேனும் கல்விக்கு ஒதுக்கவும் வழிசெய்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்துக்கும் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கும் பின்னர், குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் புறத்தே உதவுதல், கலைஞராகப் பங்கேற்றல் முதலிய விலக்குகள் நீங்கலாக, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை எத்தொழிலிலும் அமர்த்துதல் தடைசெய்யப்பட்டுள்ளது. இம்மாற்றத்தைக் கூறாத ஒலிநூல், மூலத்துக்கு உண்மையாக இருந்தும் கேட்போர்க்குத் தீங்கு செய்யும். ஆகவே தொடக்கத்திலும் உரிய பகுதியின் இறுதியிலும் காலக்குறிப்பு இரண்டாம் குரலில் இடம்பெற வேண்டும். தொகை, நாள், வயது ஆகிய எண்களையும் அக்குரல் ஒருமுறை மீட்டுரைத்தல் நன்று.

முடிவுரை

தீர்ப்பு ஒலிநூலாகும்போது நிகழும் பொருள்திரிபுக்குக் கடினச் சொற்களைவிடக் கூற்று மயக்கமே முதன்மைக் காரணம் என்பது இவ்வாய்வால் அறியப்படுகிறது. தமிழ்த் தொடரின் வினையிறுதி அமைப்பு அம்மயக்கத்தைச் செவிக்கு மிகுவிக்கிறது. மொழிபெயர்ப்பில் 'கூறியதாவது' என முன்னிறுத்தியும் முடித்துக்காட்டியும் கூற்றெல்லை வகுத்தல், மூலத்துக்குப் புறத்தே கூற்றுக் குறிப்பும் காலக்குறிப்பும் தனிக்குரலில் அமைத்தல், நீண்ட கூற்றைச் சிறு கூறுகளாக்குதல் ஆகியன இதற்குத் தீர்வாகும். இவை மூன்றும் தமிழ் இலக்கண, உரை, வாய்மொழி மரபுகளுக்குள்ளேயே உள்ளவை. தீர்ப்பின் தமிழ் மொழிபெயர்ப்பைப் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிடும் உரிமையும் சட்டத்தில் தெளிவுற வேண்டும்.

1908இல் ஒரு தமிழ்க்குரல் ஆங்கிலத் தீர்ப்பாக மாறியபோது, பேசியவர் எங்ஙனம் பதிவு செய்யப்பட்டார் என்பதைத் தீர்மானிக்கும் வாய்ப்பு அந்நிலத்து மக்களுக்கு இல்லை. தங்கள் குழந்தைகளைப் பற்றிய ஆங்கிலத் தீர்ப்பு இன்று தமிழ்க்குரலாக மாறும்போது, அதில் யார் பேசுகிறார், எதை முடிவாகச் சொல்கிறார் என்பதைத் தெளிவாகக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அத்தெளிவை வழங்கும் பணியில் சட்ட வல்லுநருக்கு இணையான பொறுப்பு தமிழாய்வாளருக்கும் உள்ளது.